அளவு ஜாக்கெட்

இந்த இடத்தில் நின்றுகொண்டு கேட்கக் கூடாது. உட்கார்ந்துகொண்டுதான் கேட்க வேண்டும். நிற்கிறவளுக்குக் கிளம்பிப் போக ஒரு வழி மிச்சம் இருக்கிறது. உட்கார்ந்துவிட்டவளுக்கு இந்த ஊரை விட்டால் வேறு ஊர் கிடையாது. பதினோரு வருஷம் கழித்து வந்து சேர்ந்தவள் இப்படியா விறைப்பாக நிற்பாள்? கால் விட்டுப் போயிருக்காதா? இதை யார் இந்தக் கலைமதிக்குச் சொல்வது?

ஜெயம் சொல்லவில்லை. அவள் வாயில் மூன்று குண்டூசிகள் இருந்தன.

திண்டிவனத்தில் மூடிக்கிடந்த ஒரு டுடோரியல் காலேஜின் மேல்மாடியில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் சென்னையில் நாடக வாரம் தொடங்குகிறது. திங்கள் முதல் சனி வரை ஆறு ஊர்க் குழுக்கள், நாளுக்கொரு நாடகம். பார்க்க வருகிறவர்கள் பிடித்திருந்தால் சீட்டு எழுதிப் பெட்டியில் போடலாம். எந்த நாடகத்துக்குச் சீட்டு அதிகமோ, அது ஏழாம் நாள் ஞாயிறன்று மறுபடி மேடையேறும். திண்டிவனத்துக் குழுவுக்கு வியாழக்கிழமை ஒதுக்கியிருந்தார்கள்.

நாடகத்தில் பொன்னி என்று ஒரு பெண். செங்கல் சூளைக்கு வேலைக்குப் போனவள் பதினோரு வருஷம் கழித்து ஊருக்குத் திரும்பி வருகிறாள். ஊர் அவளைத் தெரியாது என்கிறது. ரேஷன் கார்டிலிருந்து பேரை நீக்கியாகிவிட்டது. பொன்னி செத்துப்போய்விட்டாள் என்று கூடப்பிறந்த அண்ணனே சொல்கிறான். நான்தான் பொன்னி என்று அவள் வீடு வீடாகக் கேட்டுப் பார்க்கிறாள். கடைசியில் பொதுக்களத்தில் உட்கார்ந்து, மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை உரித்துக்கொண்டே, ஒவ்வொரு வீட்டின் கதையையும் யாரையும் பார்க்காமல் பேச ஆரம்பிக்கிறாள். பன்னிரண்டு நிமிஷம். ஊர் ஒவ்வொருவராக வந்து பக்கத்தில் உட்காருகிறது. அதோடு முடிந்துவிடும்.

எழுதி இயக்கியவர் அறிவுச்செல்வன், விழுப்புரத்தில் வரலாறு வாத்தியார். பொன்னியாக நடிப்பவள் கலைமதி. அவளும் விழுப்புரத்துப் பக்கம்தான். சொந்த நிலத்தில் பயிர் வைக்கிற குடும்பம். இப்போது சென்னையில் இருந்துகொண்டு சீரியலில் நடிக்கிறாள். அவள் முகத்தைப் பார்த்ததும் பஸ்ஸில் நாலு பேர் திரும்புவார்கள்.

ஜெயம் தையல்காரி. குழுவுக்குத் துணி தைக்கிறவள். அதற்கு மேல் என்ன என்று கேட்டால் குழுவில் எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொல்வார்கள்: ப்ராக்ஸி.

ஒத்திகைக்கு வராதவர்களின் இடத்தில் நின்று அவர்கள் வசனத்தைப் படிக்கிற ஆளுக்கு நாடகக்காரர்கள் வைத்திருக்கும் பேர் அது. கலைமதி மூன்று மாதத்தில் மூன்று தடவைதான் வந்தாள். மற்ற நாளெல்லாம் பொன்னியின் இடத்தில் நின்றவள் ஜெயம்.

"அக்கா, கொக்கி எட்டவே மாட்டேங்குது," என்று கதவுக்குப் பின்னாலிருந்து கலைமதி கூப்பிட்டாள்.

ஜெயம் உள்ளே போனாள். பொன்னிக்காகத் தைத்த கத்தரிப்பூ நிற ஜாக்கெட். முன்பக்கம் இரண்டு விரல் அகலத்துக்கு இடைவெளி விட்டுப் பிளந்து நின்றது. தோள் இறுகியது. கை மட்டும் பழைய மோஸ்தரில் முழங்கை வரை நீண்டிருந்தது. டேப்பை எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. பார்த்தவுடன் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கலைமதி அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். "சார், எனக்கு ரொம்ப டைட்டு. வேற யாரோடதாவது மாத்தி எடுத்து வந்துட்டாங்களா?"

அண்ணன் வேஷம் போடுகிற துரைக்கண்ணு, ரிட்டையரான பஸ் கண்டக்டர், வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து ஜாக்கெட்டை வாங்கி விரித்துப் பார்த்தார். என்ன தோன்றியதோ, அப்படியே ஜெயத்தின் தோள் மேல் வைத்துப் பிடித்தார்.

"அடி ஆத்தே, அச்சு வார்த்த மாதிரி இருக்குதே! இன்னாம்மா ஜெயம், உனக்கே தெச்சிக்கினியா?"

சிரிப்பு வெடித்தது. "ப்ராக்ஸி ஜாக்கெட்டும் தெச்சிக்கினு ரெடியா இருக்குதுப்பா," என்றான் லைட்டுக்காரன் பச்சைமுத்து. கலைமதியும் சிரித்தாள், கெட்ட எண்ணம் இல்லாமல். ஜெயமும் சிரித்தாள். அறிவுச்செல்வன் ஒருவர்தான் சிரிக்கவில்லை. கண்ணாடிக்கு மேலாக ஒரு நொடி அவளைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார்.

"அளவு ஜாக்கெட்டு இல்லாம வெட்டினது சார். நெனப்பு எங்கியோ போயிடுச்சி," என்றாள் ஜெயம். "உள்ள துணி விட்டுதான் தெச்சிருக்கேன். பிரிச்சி விட்டா சரியாயிடும்."

அதுவும் உண்மைதான். இருபத்திரண்டு வருஷமாகத் தைக்கிறாள். யார் துணி கொண்டுவந்தாலும் கூடவே பழைய ஜாக்கெட் ஒன்றை அளவுக்குக் கொடுப்பார்கள். அதைத் துணி மேல் போட்டு, சாக்பீஸால் கோடு இழுத்து வெட்டினால் கை தப்பாது. கலைமதிக்கு நேரமில்லை; போனில் எண்களை அனுப்பியிருந்தாள். அவற்றை எழுதிவைத்த சீட்டு மேசை மேல் கத்தரிக்கோலுக்கு அடியில்தான் இருந்தது. கை அதைப் பார்க்கவில்லை. தனக்குத் தெரிந்த உடம்பைத் தேடிக்கொண்டு போய்விட்டது.

வேண்டுமென்றே செய்யவில்லை என்று அவள் மாதா மேல் சத்தியம் செய்வாள். ஆனால் அன்று வீட்டுக்கு நடக்கும்போது அவளுக்கே சந்தேகமாக இருந்தது. வாய் மூன்று மாதமாகச் சொல்லாததைக் கத்தரிக்கோல் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டதோ?

*

பொன்னி வேஷத்தைக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பாரா?

இந்தக் கேள்வியை அவள் எத்தனையோ தடவை கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்திருக்கிறாள். ஆரம்பத்தில் ஒருநாள் அறிவுச்செல்வன், "ஜெயம், சும்மா அந்த எடத்துல நில்லுங்க, ஆள் இருக்குற மாதிரி இருக்கட்டும்," என்றார். நின்றாள். "அப்படியே பேப்பர பாத்துப் படிங்க," என்றார். படித்தாள். இரண்டாம் வாரம் பேப்பர் தேவைப்படவில்லை. மூன்றாம் வாரம், கடைசிக் காட்சியில் பொன்னி சும்மா உட்கார்ந்து பேசுவது அவளுக்கு உறுத்தியது. மறுநாள் வரும்போது முந்தானையில் மல்லாட்டை கட்டிக்கொண்டு வந்தாள். யாரையும் கேட்காமல் உட்கார்ந்து உரித்தாள். உரித்துக்கொண்டே பேசினாள். பேசி முடித்தாள். துரைக்கண்ணு மூக்கை உறிஞ்சினார். அறிவுச்செல்வன், "இது இருக்கட்டும்," என்று சொல்லி எழுதிக்கொண்டார்.

அந்த வாரம்தான் கலைமதி நடிக்கச் சம்மதித்த செய்தியும் வந்தது. தெரிந்த முகம் ஒன்று இருந்தால்தான் சென்னையில் இடம் கிடைக்கும் என்று அறிவுச்செல்வன் எல்லாரிடமும் சொன்னார். ஜெயத்திடம் தனியாகவும் சொன்னார். "பரவால்ல சார். நல்லதுதானே," என்றாள். அந்த 'பரவால்ல'வை அவள் அவ்வளவு சீக்கிரமாகச் சொல்லியிருக்க வேண்டாம். ஒரு மூச்சு விட்டுச் சொல்லியிருந்தால்கூட அவருக்கு ஏதாவது கேட்டிருக்கும்.

மல்லாட்டை உரிக்கிற அந்தக் கை அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

முண்டியம்பாக்கத்துப் பக்கம் ஒரு கிராமத்தில், விதைக்கு வேண்டிய மல்லாட்டையைக் கையால்தான் உரிப்பார்கள். தோல் கீறக் கூடாது. களத்தில் பொம்பளைகள் வரிசையாக உட்காருவார்கள். ஒன்பது வயதில் ஜெயமும் அந்த வரிசையில் உட்கார்ந்தாள், அம்மா சவுரியம்மாளுக்குப் பக்கத்தில். நிலத்துக்காரர் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. உரிக்கிறவள் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். வாய் சும்மா இருந்தால் பருப்பைத் தின்கிறாள் என்று கணக்கு. ஒரு கணம் பேச்சு நின்றால் வாசலிலிருந்து, "யாருடி அங்க மெல்றது?" என்று குரல் வரும்.

அதனால் பேசினார்கள். பேச விஷயம் தீர்ந்து போனாலும் பேசினார்கள். அம்மா ஊர்க்கதை, செத்தவர்கள் கதை, கனவு, பொய், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கோத்துக்கொண்டு போவாள். கை அதன் பாட்டுக்கு மல்லாட்டையின் மூக்கைத் தரையில் தட்டும், கட்டைவிரல் பிளக்கும், பருப்பு மடிக்குள்ளும் ஓடு முதுகுக்குப் பின்னாலும் போகும். கண் எதையும் பார்க்காது. ஜெயத்துக்குப் பேச்சு தட்டினால் அம்மா முழங்கையால் இடிப்பாள். "வாய மூடாதடி." பசிக்கிற குழந்தை, மடி நிறையப் பருப்பு, ஒன்றைக்கூட வாயில் போடாமல் பேசிக்கொண்டே இருந்தது.

பொன்னி பேசுகிற பன்னிரண்டு நிமிஷமும் ஜெயத்துக்கு அந்த மூச்சில்தான் வந்தது. அறிவுச்செல்வன் எழுதிய வசனம்தான். மூச்சு அவளுடையது.

*

"ஆறு நாளுமா?" என்றார் அவள் புருஷன் சவுரிராயன். பைப் வேலை செய்கிறவர். திங்கட்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஏழாவது நாளும் இருந்தா ஏழு."

"நாடகத்துல உன் வேல ஊசி நூலு. வியாழக்கெழம ஒரு நாளு போனா பத்தாதா?"

"பாஸு குடுத்துகிறாங்க."

"சுடுகாட்டுக்கு பாஸு குடுத்தா அங்கியும் போவியா?"

"நீங்க கூட வந்தா வர்றேன்."

நுரையோடு சிரித்துப் புரையேறிக்கொண்டார். "கொழம்பு?"

"வெச்சிட்டுத்தான் போவேன்."

"அப்ப போய்க்கினு வா. வந்து எங்கிட்ட நடிச்சிக் காட்டி பேஜாரு பண்ணக் கூடாது. இப்பவே சொல்டேன்."

மதியம் கடையைச் சாத்திவிட்டு ரயில் ஏறினாள். கடை என்றால் கிடங்கல் பக்கத்தில் அவர்கள் வீட்டு முன்னறைதான். திங்கட்கிழமை நாடகம் அவளுக்குப் புரியவில்லை. மேடையில் இரண்டு நாற்காலிகள்; ஒருவன் மற்றவனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தான். ஆனால் அரங்கம் பிடித்திருந்தது. விளக்கு அணைந்ததும் நானூறு பேர் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்துகிறார்கள். அந்த மௌனத்தில் யாரோ ஒரு ஆள் மேடைக்கு நடந்து வருகிறார், செருப்பில்லாத காலோடு, அந்தக் காலடி எல்லாருக்கும் கேட்கிறது. பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டுகிற நடுவெழுப்பத்தின்போது மட்டும்தான் இப்படி ஒரு அமைதியை அவள் கேட்டிருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை மதுரைக்காரர்களின் நாடகம். அதில் இருபது வயது மணப்பெண்ணாக வந்தவளுக்கு ஐம்பது வயது இருக்கும். குண்டு. மேடைக்கு வந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். யாரும் சிரிக்கவில்லை. கால் மணி நேரத்தில் ஜெயத்துக்கு அவளுடைய வயது மறந்துபோனது. ஒரு இடத்தில் அவள் மருதாணி வைத்துக்கொள்வதுபோலக் காலை நீட்டினாள். குதிகால் வெடிப்பு வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிந்தது. ஜெயம் தன் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

நாடகம் முடிந்ததும் பின்பக்கக் கதவருகில் போய் நின்றாள். எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை. அந்த அம்மாள் டிபன் பையோடு வெளியே வந்து, இவளைப் பார்த்து, "பஸ் ஸ்டாப்பு எந்தப் பக்கம்மா?" என்று கேட்டாள்.

"தெரிலைங்க. நானும் வெளியூருதான்," என்றாள் ஜெயம்.

அந்த அம்மாள் தலையாட்டிவிட்டுப் போனாள். திண்டிவனம் வருகிற வரைக்கும் ஜெயம் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எப்படி நடித்தீர்கள் என்று கேட்க அவள் போகவில்லை. இந்த வேஷத்தை யாரிடம் கேட்டீர்கள், கேட்டபோது குரல் நடுங்கியதா, அதைத்தான் கேட்க நினைத்தாள்.

புதன்கிழமை போகவில்லை. ஜாக்கெட்டைப் பிரித்துத் தைத்தாள். விட்டுவைத்த துணி முழுவதையும் வெளியே எடுத்தாள். பழைய தையல் இருந்த இடத்தில் ஊசித் துளைகள் வரிசையாக நின்றன. இஸ்திரி போட்டு அழுத்தியும் போகவில்லை.

*

வியாழக்கிழமை காலையே எல்லாரும் வேனில் போய்விட்டார்கள். மதியம் வெளிச்சம் சரிபார்க்க வேண்டும். கலைமதி மேக்கப்பில் இருந்தாள்.

"ஜெயங்கா, செத்த வந்து நில்லேன்," என்று பச்சைமுத்து மேலேயிருந்து கத்தினான். "பொன்னி பொசிஷன்."

மேடைப் பலகை காலுக்கு இதமாக, லேசாகச் சூடாக இருந்தது. ஜெயம் மூன்று மாதம் அளந்து வைத்திருந்த அடிகளை எடுத்து வைத்துப் போய் நடுவில் உட்கார்ந்தாள். நாடகச் சாமான் கூடையில் மல்லாட்டை தயாராக இருந்தது. கை தானாக ஒன்றை எடுத்தது.

மேலேயிருந்து மஞ்சளாக ஒரு வெளிச்சம் இறங்கி அவள் மடியில் நின்றது.

அதற்கு எடை இருந்தது. அவள் நினைத்தே பார்க்கவில்லை. உச்சியில் யாரோ கை வைத்த மாதிரி இருந்தது. எதிரே ஒன்றும் தெரியவில்லை, நாற்காலிகள்கூட. இருட்டு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. மல்லாட்டையின் மூக்கைப் பலகையில் தட்டினாள். சத்தம் அரங்கின் கடைசி வரைக்கும் போய்த் திரும்பி வந்தது.

"மொத வீடு மேஸ்திரி வீடு," என்று ஆரம்பித்தாள். "அந்த வூட்டு வாசல்ல ஒரு முருங்க மரம். நான் போறப்ப அதுல பூ..."

"டயலாக் வேணாங்கா!" பச்சைமுத்துவின் குரல். "சும்மா ஒக்காந்தா போதும். கொஞ்சம் எடதுபக்கம் நவுறு. கலை உன்னவிட ஒசரம், தலைய தூக்கிக்க. ஆங், அப்டியே இரு."

அவள் அப்படியே இருந்தாள். தலையைத் தூக்கிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு, கலைமதியின் உயரத்துக்கு. அளவு ஜாக்கெட்டை யாரும் போட்டுக்கொண்டு போவதில்லை. அதை வைத்து வெட்டிவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். பத்து நிமிஷம் வெளிச்சம் அவள் மேல் ஏறி இறங்கியது. பிறகு, "ஓகேக்கா, எழுந்துக்க," என்று அணைந்தது.

சாயங்காலம் நாடகத்தை அவள் பக்கத்திரைக்குப் பின்னால் நின்று பார்த்தாள். கலைமதி நன்றாகச் செய்தாள். அதை மறுக்க முடியாது. வீடு வீடாகக் கேட்கும் இடத்தில், நின்றபடியே கேட்டாலும், குரல் உடைந்தபோது முன்வரிசையில் யாரோ விம்மினார்கள். கடைசிக் காட்சியில் மட்டும் அவள் பேச்சு ஓடும்போது கை நின்றது. கை ஓடும்போது பேச்சு நின்றது. நின்ற இடங்களைக் கண்ணீரால் நிரப்பினாள். ஜெயத்தின் கட்டைவிரல் இருட்டில் தன் பாட்டுக்குச் சேலை ஓரத்தைப் பிளந்துகொண்டிருந்தது.

கைதட்டல் நெடுநேரம் நீடித்தது. பிறகு நடிகர்களை மேடையில் உட்காரவைத்து, பார்த்தவர்களைப் பேசச் சொன்னார்கள். பலபேர் புகழ்ந்தார்கள். கடைசியாக ஒரு வயதான அம்மாள் மைக்கை வாங்கினாள்.

"நான் செஞ்சிப் பக்கம். இங்க பொண்ணு வீட்ல இருக்கேன். நாடகம் ரொம்ப நல்லாருந்துச்சி. ஒண்ணு மட்டும் சொல்லட்டுமா? அந்தப் பொண்ணு மல்லாட்ட உரிச்சது பொய். அது வாங்கித் தின்ன கையி. உரிச்ச கையில்ல."

எல்லாரும் சிரித்தார்கள். கலைமதியும் சிரித்தாள். ஆனால் அவள் முகம் மேக்கப்பை மீறிச் சிவந்தது. பக்கத்திரைக்குப் பின்னால் ஜெயம் ஓரடி முன்னால் வந்துவிட்டாள். அந்த அம்மாளை ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. இங்கே இருக்கேன் என்று சொல்ல வேண்டும்போல இருந்தது.

*

வெள்ளியும் சனியும் ஜெயம் சென்னைக்குப் போகவில்லை. சனிக்கிழமை ராத்திரி துரைக்கண்ணுவிடமிருந்து போன் வந்தது. "ஜெயம், நம்ம நாடகம்தாம்மா ஜெயிச்சிச்சி! நாளைக்கு மறுபடி. கலைமதி பாப்பா அம்மா வூட்டுக்கு வந்துகீதாம். காலீல கார்ல வாத்தியாரயும் ஏத்திக்கினு வர்ற வழியில உன்ன பாக்க வருது. ஜாக்கெட்டு தோள்ல இழுக்குதாம். ஜல்தியா ரெடி பண்ணி வை."

ஞாயிறு முதல் பூசை முடிந்து வந்து, கடைக் கதவைத் திறந்தபோதே கார் வந்துவிட்டது. அறிவுச்செல்வன் முன்னால் இறங்கினார். பின்னால் கலைமதி, கையில் ஒரு துணிப்பை. சவுரிராயன் சீரியல் முகத்தைப் பார்த்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு டீ வாங்க ஓடினார்.

ஜாக்கெட் சரியாக இருந்தது. கலைமதி போட்டுப் பார்த்து, கையைத் தூக்கி இறக்கி, "சூப்பர்க்கா," என்றாள். கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தவள் தையல் மேசைக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். துணிப்பையை மேசை மேல் கவிழ்த்தாள். மல்லாட்டை. வெட்டிவைத்த துணிகளின் மேல் மண்ணோடு சிதறியது.

"அம்மா வீட்டுதுக்கா. இங்க பாருங்க," என்று விரல்களை நீட்டினாள். நகங்கள் ஒடிந்திருந்தன. கட்டைவிரல் நுனி கன்றிப் போயிருந்தது. "வெள்ளிக்கெழமேலேர்ந்து உரிக்கிறேன். உரிச்சா பேச்சு வரல. பேசினா கை நிக்குது. அந்தம்மா சொன்னது தூங்க விடலக்கா."

அந்த விரல்களைப் பார்த்து ஜெயத்துக்கு மனம் இளகியது. இவள் சும்மா வந்து போகிறவள் இல்லை.

"எங்க வீட்டுக் களத்துல பொம்பளைங்க வந்து ஒக்காந்து உரிப்பாங்க," என்றாள் கலைமதி. "சின்ன வயசுல பாத்துக்கினே இருப்பேன். என்னா பேச்சு பேசுவாங்க தெரியுமா! பேசிக்கினே சடசடன்னு உரிப்பாங்க. ஜாலியா இருக்கும் பாக்க. அவங்களுக்கு அது எப்படி வந்துச்சின்னு தெரியலயே. உங்களுக்கு அப்படியே வருதுன்னு சார் சொன்னாரு. சொல்லிக் குடுங்கக்கா."

ஜாலியா இருக்கும்.

ஜெயம் மேசை மேல் கிடந்த மல்லாட்டையைப் பார்த்தாள். ஒரு வாக்கியம் போதும். வாய் நின்னா திருடின்னு கூப்பிடுவாங்கன்னு நெனச்சிக்கினு உரி. அவ்வளவுதான். கெட்டிக்காரப் பெண், பிடித்துக்கொள்வாள். சாயங்காலம் மேடையில் அது வந்துவிடும். சவுரியம்மாளின் முழங்கை இடி, களத்து வெயில், வாயில் போடாத பருப்பு எல்லாம் இவளுடைய மடிக்குப் போய்ச் சேரும். மூன்று மாதமாகக் கொடுத்த நடை, குரல், உட்காரும் இடம், எதற்கும் அவள் கணக்குப் பார்த்ததில்லை.

"அஞ்சு நிமிஷம் ஜெயம்," என்றார் அறிவுச்செல்வன். கதவருகில் நின்றிருந்தார். "அது நீங்க கொண்டு வந்ததுதான். எனக்குத் தெரியும். இன்னிக்கு மேடையிலயே உங்க பேரச் சொல்லச் சொல்றேன். பயிற்சி ஜெயம்னு."

எனக்குத் தெரியும் என்றார். அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். துரைக்கண்ணு ஜாக்கெட்டைத் தோள் மேல் வைத்துப் பிடித்த அன்று பார்த்தது போலவே ஒரு நொடி பார்த்தார். அவள் காத்திருந்தாள். இந்தத் தடவை சீக்கிரமாக எதுவும் சொல்லிவிடக் கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். இன்னொரு வார்த்தை வருவதற்கு இடம் விட்டாள். ஜாக்கெட்டில் துணி விடுவதுபோல.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ரெண்டு மணிக்குள்ள அங்க இருக்கணும்," என்றார்.

ஜெயம் மூச்சை விட்டாள்.

சவுரிராயன் டீ டம்ளர்களை மேசையில் வைத்தார். "இவளா? மல்லாட்டய பாத்தா கை சும்மா இருக்காதும்மா. டிவி பாத்துக்கினே ஒரு மரக்கா உரிச்சிடுவா," என்றார் பெருமையாக.

அவள் கை மடியில் இருந்தது. விரல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன. ஒரே ஒரு மல்லாட்டை உருண்டு வந்து மேசையின் ஓரத்தில் நின்றது. மூக்கு அவள் பக்கம் திரும்பியிருந்தது.

"இல்லம்மா கலை," என்றாள். "அது சொல்லிக் குடுக்க வராது எனக்கு."

"சொல்ல வேணாங்கா. சும்மா உரிச்சிக்கினே பேசுங்க. நான் பாத்துப் புடிச்சிக்கறேன்."

"ஜெயம்," என்றார் அறிவுச்செல்வன்.

ஜெயம் எழுந்தாள். ஜாக்கெட்டைக் கைமடிப்பு கலையாமல் மடித்து ஒரு கவரில் போட்டாள். சிதறிக்கிடந்த மல்லாட்டையை இரண்டு கையாலும் கூட்டி அள்ளி, ஒன்று விடாமல் துணிப்பையில் போட்டு, வாயைச் சுருக்கிக் கட்டினாள். இரண்டையும் கலைமதியின் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"நீ களத்துல நின்னு பாத்தியே, அத வெச்சே பண்ணும்மா," என்றாள். குரலில் கோபம் இல்லை. "அதுவும் நெசந்தான்."

பிறகு டம்ளர்களைக் காட்டினாள். "டீ ஆறுது பாருங்க. குடிங்க."